மூன்றாம் எண் கணினி

வலைச் செயலி எழுதுகிறவனுக்கு உலகமே தெரியும். தன்னோடு இந்த நொடியில் பேசிக்கொண்டிருப்பது யார் என்பது மட்டும் தெரியாது.

இத்தொழிலில் என்னோடு சேர்ந்து உழலும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கோ ஒரு கணினியின் முன் ஒருவர் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார். அந்தச் செய்தி நம் செயலிக்கு வந்து சேர்கிறது. வந்தது எந்தக் கணினியிலிருந்து என்று ஐயமறச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஒரு கேள்வியில் என் வாழ்நாளின் மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு பெண்ணின் வேலையும் நற்பெயரும் இதனால் போகவிருந்தன. அதையும் மறைக்காமல் உரிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

நான் கல்லூரியில் கணினி பயின்றவனல்லன். அரசு அலுவலகமொன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு நூல்களைக் கொண்டு ஐம்பத்தொன்பதாம் வயதில் நானே கற்றுக்கொண்டேன். ஆசிரியர் எவருமில்லை. ஆகவே என் பிழைகளுக்கும் பங்காளி எவருமில்லை.

திரையில் ஒட்டிய கடவுச்சொல்

திருவண்ணாமலையில் தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் மூன்று காதர் பாய் என்பவருக்குச் சொந்தமானவை. பேருந்து நிலையத்தருகே ஒன்று, செங்கம் சாலையில் ஆசிரமப் பகுதியில் ஒன்று, ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோருக்காக வேங்கிக்காலில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து அறைப் பதிவுச் செயலி ஒன்று எழுதித் தருமாறு கேட்டார். எழுதித் தந்தேன். யார் எந்த அறையைக் கொடுத்தார், யார் ரத்து செய்தார் என்பது தெரிய வேண்டுமென்று ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாவற்றையும் செய்திருந்தவர் தனசேகர் ஒருவரே. அவர் பேருந்து நிலைய விடுதியின் மேலாளர். அவருடைய கடவுச்சொல் நினைவில் வைக்க எளிதாக இருந்ததால், மூன்று விடுதிகளிலும் அதையே காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்கள். காதர் பாய் பதிவேட்டை நிதானமாகப் படித்தார். பின்பு சொன்னார்: "தனசேகரு ஒரே நேரத்துல மூணு லாட்ஜுலயும் உக்காந்திருக்கான். அவனுக்கு அந்த சக்தி இருந்தா நான் எதுக்கு மத்தவங்களை வேலைக்கு வெச்சேன்? ஆளை விட்டுடுங்க சார், பொட்டியைப் புடிங்க. ஆளு மாறுவான், பொட்டி மாறாது."

மின்சாரம் போனால் மறக்கும் முகவரி

பொட்டி என்று அவர் சொன்ன கணினிகள் மொத்தம் நான்கு. பேருந்து நிலைய விடுதியில் இரண்டு. அவற்றில் இரண்டாவது பௌர்ணமி போன்ற கூட்ட நாட்களில் மட்டும் உறை நீக்கப்படும். செங்கம் சாலையில் ஒன்று. அது மூன்றாம் எண். வேங்கிக்காலில் உள்ளது நான்காம் எண். இணையத்தில் வரும் ஒவ்வொரு செய்தியோடும் அது புறப்பட்ட முகவரியும் வரும் என்று என் நூல் கூறியது. நான் அந்த முகவரியையே அடையாளமாகக் கொண்டேன். பேருந்து நிலையக் கணினிகள் இரண்டும் ஒரே இணைப்பின் வழியே வெளியே வருவதால் இரண்டுக்கும் ஒரே முகவரி என்பதும், இணைப்புப் பெட்டி அணைந்து எரிந்தால் முகவரியே மாறிவிடும் என்பதும் அந்த நூலில் வேறொரு அத்தியாயத்தில் இருந்தன. நான் அதுவரை வந்திருக்கவில்லை.

செங்கம் சாலை விடுதியின் வரவேற்பு மேசை செல்வி என்பவரின் பொறுப்பில் இருந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் வருபவர், பி.எஸ்சி. படித்தவர். லாட்ஜில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று வீட்டார் எதிர்த்தபோது, தன் மேல் ஒரு புகார் வந்தால் அன்றே நின்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தவர். சேர்ந்ததிலிருந்து ஒரு புகாரும் இல்லை. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. முகவரி மாறியது. 'அறிமுகமற்ற கணினி, அனுமதி இல்லை' என்று என் செயலி அவரை வெளியே தள்ளியது. எதிரே பெட்டிகளோடு ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. செல்வி எனக்குத் தொலைபேசியில் சொன்னது இது: "நாலு பேர் பையோட நின்னுக்கினு இருக்காங்க சார். கரண்ட் போய் வந்தா நான் யாருன்னே உங்க புரோகிராமுக்கு மறந்துடுமா?"

அடையாள அட்டை கேட்கலாகாது

தனசேகரின் மைத்துனர் ஒருவர் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறார். ஒவ்வொரு கணினியின் வலையட்டையிலும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட தனி எண் ஒன்று உண்டென்று அவர் சொல்ல, தனசேகர் அதை என்னிடம் வந்து சொன்னார். எண் இருப்பது உண்மை. ஆனால் உலாவி அதை எந்த வலைத்தளத்துக்கும் காட்டிக் கொடுக்காது என்பதும் உண்மை. காட்டினால் போகிற இடமெல்லாம் நம்மைப் பின்தொடர்வார்கள். பொதுமக்களின் நன்மையை முன்னிட்டே அந்த எண் மறைக்கப்பட்டிருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

தனசேகர் பொறுமையாகக் கேட்டார். இருபது ஆண்டுகள் வரவேற்பு மேசையில் நின்றவர் அவர். "ஆதார் கார்டு காட்ட மாட்டேன்னு சொல்றவனுக்கு நாங்க ரூம் குடுக்கறதில்ல சார்" என்றார். "நீங்க மட்டும் ஏன் உள்ளே உட்டுட்டு, அப்பால யாருன்னு தேடறீங்க?"

குப்பையோடு போன சீட்டு

கேட்டால் சொல்லாத கணினிக்கு நாமே பெயர் சூட்டிவிடலாம் என்பது அடுத்த வழி. முதல்முறை வரும்போது உலாவியிடம் ஒரு சிறு சீட்டைக் கொடுத்து வைப்பது. அடுத்த முறை வரும்போது அந்தச் சீட்டைக் காட்டச் சொல்வது. ஆங்கிலத்தில் இதற்குக் 'குக்கி' என்று தின்பண்டத்தின் பெயர். நான் சீட்டு என்றே சொல்லி வருகிறேன். நான்கு கணினிகளுக்கும் நானே நேரில் சென்று சீட்டு வைத்து வந்தேன். மூன்று வாரங்கள் குறையின்றி நடந்தது.

நான்காம் வாரம் நான்கும் ஒரே நாளில் அறிமுகமற்றவையாயின. விசாரித்ததில், கணினிகளைப் பழுது பார்க்கும் பாபு அன்று மாதாந்தரச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார். கணினி வேகமாக ஓடுவதற்காக உலாவிகளில் சேர்ந்திருந்த அனைத்தையும் துடைப்பது அவர் வழக்கம். என் சீட்டுகளையும் துடைத்துவிட்டீரே என்றேன். அவர் சிறிதும் கலங்கவில்லை. "ஒவ்வொரு பொட்டிலயும் ஆயிரத்துக்கு மேல குப்பை எடுத்தேன் சார். அதுல உங்களுது எதுன்னு பேர் எழுதி வெச்சிருந்தீங்களா?"

நால்வரும் ஒரே முகம்

சீட்டு வேண்டாம், முகத்தைக் கொண்டே அடையாளம் காண்போம் என்று துணிந்தேன். திரையின் அகலம், உள்ளே இருக்கும் எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உலகில் ஒவ்வொரு கணினியும் தனித்துத் தெரியும் என்று படித்திருந்தேன். உலகில் அப்படியே இருக்கலாம். காதர் பாய் நான்கு கணினிகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவர். பாபு நான்கிலும் ஒரே தட்டிலிருந்து எல்லாவற்றையும் நிறுவியவர். இரட்டைப் பிள்ளைகள் இருவரைப் பார்த்திருக்கிறேன். நால்வரைப் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு நாள் ஆராய்ந்து ஒரு வேற்றுமையைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் கணினியின் கடிகாரம் மட்டும் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. அதையே அங்கமச்சமாகக் கொண்டு ஒரு நிரல் எழுதினேன். அது அழகாக வேலை செய்தது. மூன்றாம் நாள் காலை வேலை செய்யவில்லை. செல்வியை அழைத்துக் கேட்டேன். "மணி தப்பா காட்டுச்சு சார், சரி பண்ணிட்டேன்" என்றார். "இனிமே அதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

சான்றிதழ்

இறுதியில் நான் கண்ட வழியைப் பற்றி இன்றும் எனக்குக் குறைவான எண்ணமில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் அதற்கே உரிய மறைச்சான்றிதழ் ஒன்றை நிறுவினேன். சுத்தம் செய்தால் அழியாது. மின்சாரம் போனால் மாறாது. அதைத் தனியே எடுத்து வேறொரு கணினியில் வைக்க முடியாதபடி பூட்டும் இட்டேன். கணினி தன் சான்றிதழைக் காட்டியதும் என் செயலி அதன் எண்ணை அறிந்து, அந்த விடுதியின் அறைகளைத் தானே திறந்து காட்டும். விடுதியின் பெயரைத் திரையின் மேல்மூலையில் சிறிய எழுத்தில் வைத்தேன். கணினியே அறிந்திருக்கும்போது மனிதர் அதைப் பெரிய எழுத்தில் படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அன்றாட அறிக்கையில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே கணினியின் எண்ணை அச்சிட்டு, அடியில் 'மேற்கண்ட அடையாளம் ஐயத்திற்கு இடமற்றது' என்ற ஒரு வரியையும் சேர்த்தேன். எட்டு மாதங்கள் ஒரு பிழையுமில்லை. காதர் பாய் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு பொட்டி இன்னொரு பொட்டியோட பேரைச் சொல்லிக்கினு வர முடியாதுன்றீங்க. அப்போ இனிமே எங்க லாட்ஜுல சண்டை கம்மி, இல்லீங்களா?"

பௌர்ணமியன்று பதினொரு அறைகள்

ஒரு பௌர்ணமிக்குச் செங்கம் சாலை விடுதியில் ஆந்திரத்திலிருந்து கிரிவலம் வரும் குழுவொன்று பதினொரு அறைகளைப் பதிவு செய்திருந்தது. பெரும்பாலும் முதியவர்கள். பிற்பகல் அவர்கள் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது அறை ஒன்றுகூட இல்லை. காலை பதினொன்று இருபதுக்குப் பதினொன்றும் ரத்து செய்யப்பட்டு, நண்பகலில் வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர் செல்வி, அதை அவர் மறுக்கவில்லை. "காலின்னு காட்டுச்சு, கேட்டு வந்தவங்களுக்குக் குடுத்தேன்" என்றார். ரத்து செய்தது தாம் இல்லை என்றார். என் அறிக்கையோ மூன்றாம் எண் கணினி என்றது. வந்தவர்கள் ஒரு திருமண மண்டபத்தின் தரையில் தங்க நேர்ந்தது. வேண்டியவர்களுக்குக் கொடுப்பதற்காகவே செல்வி அறைகளை ரத்து செய்தார் என்று மறுநாள் காலைக்குள் மூன்று விடுதிகளிலும் பேச்சாயிற்று.

காதர் பாய் எங்கள் அனைவரையும் பேருந்து நிலைய விடுதியின் அலுவலகத்துக்கு அழைத்தார். "பொட்டி பொய் சொல்லாது பாய்" என்றார் தனசேகர். காதர் பாய் என் பக்கம் திரும்பினார். "சார், நான் உங்களைக் கேக்கறேன். இந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா ஒரு தப்பும் பண்ணதில்ல. இந்தக் காகிதத்தை நம்பலாமா?" ஐயத்திற்கு இடமில்லை என்றேன். எழுதி வைத்ததையே வாயாலும் சொன்னேன்.

அப்போது செல்வி, பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை தங்கள் தெருவில் மின்சாரமே இல்லையென்றும், மாற்று மின்கலமும் தீர்ந்து கணினி அணைந்து கிடந்ததென்றும் கூறினார். நான் அவருக்கு முறைப்படி விளக்கினேன். கணினி அணைந்திருந்தால் சான்றிதழ் வந்திருக்காது, சான்றிதழ் வந்திருக்கிறது, ஆகவே கணினி அணைந்திருக்கவில்லை. இதில் எந்தப் படியிலும் குற்றம் காண முடியாதென்று நான் அப்போது நினைத்தேன். அவர் மேசைச் சாவியைக் காதர் பாய் முன் வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் இருட்டுல உக்காந்திருந்தேன் சார். அது என்னைவிட உங்க லாஜிக்குக்கு நல்லா தெரியுது. இனிமே இந்த ஊர்ல எந்த லாட்ஜுல என்னைச் சேர்ப்பாங்க, அதையும் உங்க காகிதத்துல பார்த்துச் சொல்லுங்க."

வேலை செய்யாத கணினி

நான் உண்மையைத் தேடிப் புறப்பட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. என் சான்றிதழ் முறையின் வெற்றியைக் குறித்து நம் தொழில் நண்பர்கள் குழுவில் ஒரு கட்டுரை வெளியிட எண்ணி, அதற்கு அணிசேர்க்க ஓர் அட்டவணை தயாரித்தேன். பௌர்ணமி நாளில் எந்தக் கணினி எத்தனை செயல்கள் செய்தது என்பது அட்டவணை. முதலாம் கணினிக்கு நிறைய. மூன்றாவதற்கும் நிறைய. நான்காவதற்குச் சில. இரண்டாம் கணினிக்குச் சுழியம்.

கூட்ட நாளுக்கென்றே இருக்கும் கணினி, ஆண்டில் மிகப் பெரிய கூட்டம் கூடும் நாட்களில் ஒன்றில் ஒன்றுமே செய்யவில்லை. அந்த அறிக்கை மூன்று நாளாக என் மேசையில் இருந்தது. என்னிடம் கேட்கப்பட்ட ஒரு வரியை மட்டும் நான் படித்திருந்தேன். பின்பு மூலப்பதிவைத் திறந்தேன். முகவரியை அடையாளமாகக் கொள்வதைக் கைவிட்டிருந்தாலும் செயலி அதைக் குறித்து வைத்துக்கொண்டுதான் இருந்தது. அன்று பதினொன்று இருபதுக்கு வந்த மூன்றாம் எண் கணினியின் முகவரி செங்கம் சாலையுடையது அல்ல; பேருந்து நிலைய விடுதியுடையது. பதினொரு மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே செங்கம் சாலையிலிருந்து ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. செல்வி சொன்ன இருட்டு அங்கே ஒரு மணி நேரம் வெறுமையாகப் பதிவாகியிருந்தது.

பாபுவை அழைத்தேன். பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பு இரண்டாம் கணினியின் வன்தட்டு செத்துப்போனதாகவும், அந்த நேரம் செங்கம் சாலைக் கணினி தூசு தட்டுவதற்காகத் தம் கடையில் இருந்ததாகவும், நான்கும் ஒரே மாதிரிதானே என்று அதன் தட்டை அப்படியே முழுமையாகப் புதிய தட்டில் படியெடுத்து இரண்டாம் கணினியில் மாட்டிவிட்டதாகவும் அவர் தெரிவித்தார். சான்றிதழைத் தனியே எடுக்க முடியாதபடி நான் இட்ட பூட்டும் அதனுடன் சேர்ந்தே போயிருந்தது. இப்போது இரண்டு கணினிகள் மூன்றாம் எண் என்கின்றன என்று நான் சொன்னேன். பாபு திருப்பிக் கேட்டார்: "ஓடுதில்ல சார்? தட்டு போனதுலேருந்து அந்தப் பொட்டி ஒரு நாளாவது நின்னுச்சா, சொல்லுங்க."

இரண்டு பக்க விளக்கம்

காதர் பாயிடம் எழுத்துமூலம் தெரிவிப்பதே முறை என்று கருதி இரண்டு பக்கங்கள் எழுதினேன். தொழில்நுட்பத்தின் வரலாற்றில் தொடங்கி, மறைச்சான்றிதழின் இலக்கணம், வன்தட்டைப் படியெடுப்பதன் விளைவுகள் ஆகியவற்றைக் கூறி, 'இத்தகைய அரிய சூழ்நிலையில் அடையாளம் பிறழ வாய்ப்புண்டு' என்று முடித்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். தனசேகரும் உடனிருந்தார்.

"தமிழ் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார் காதர் பாய். "தப்பு யாருதுன்னு எந்த வரில இருக்கு?"

அப்படி ஒரு வரி இல்லை. இரண்டு பக்கங்களிலும் தேடிப் பார்த்துவிட்டு, "தப்பு என்னுடையது, செல்வி செய்யவில்லை" என்று வாயால் சொன்னேன். பொத்தானை அழுத்தியவர் யார் என்பதைக் கண்டறிய அதன்பின் ஒரு நிமிடமும் ஆகவில்லை; தனசேகரே நினைவுகூர்ந்தார். அன்று காலை தனசேகரின் விடுதியில் தங்கவிருந்த ஒரு குழு வரவில்லையென்று தொலைபேசியில் சொன்னது. முதல் கணினியில் வரிசை நின்றதால், அவர் இரண்டாவதின் உறையை நீக்கி, நூற்றொன்று முதல் நூற்றுப்பதினொன்று வரை ரத்து செய்துவிட்டு, மீண்டும் உறையிட்டுச் சென்றிருக்கிறார். இரண்டு விடுதிகளிலும் அதே எண்களில் அறைகள் உண்டு; செங்கம் சாலையில் அவையே ஆந்திரக் குழுவின் அறைகள். திறந்திருந்தது செங்கம் சாலையின் பட்டியல். மூலையில் இருந்த பெயரை அவர் படிக்கவில்லை. அதைப் படிக்கத் தேவையில்லாமல் அமைத்தவன் நான். தனசேகர் சாவிப் பலகையைக் காட்டிப் பேசினார்.

"கேன்சல் பண்ண ரூமெல்லாம் திரும்ப புக்குன்னு காட்டுச்சு பாய். பௌர்ணமியாச்சே, ஒடனே வேற யாரோ புடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். பதினோரு சாவியும் விடிய விடிய ஆணியிலயே தொங்குச்சு. அந்தப் பெரியவங்க தரையில படுத்தாங்க. நான் அந்தப் பொண்ணைப் போய் சொல்லிட்டேனே."

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே

அனுப்பியது உங்கள் வார்த்தை, அழைத்து வருவதும் உங்கள் வார்த்தையாகவே இருக்கட்டும் என்று காதர் பாய் என்னை அனுப்பினார். செல்வி வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, மனுக்களை இணையத்தில் பதிவு செய்து தரும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவிக்கும் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் நேரே மேசைக்குப் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்னாடி நில்லுங்க சார், எல்லாரும் காலைலேருந்து நிக்கறாங்க" என்றார். நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் பெயரைக் கேட்டார், அப்புறம் ஊரைக் கேட்டார், அதன் பிறகே விசையைத் தொட்டார்.

என் முறை வந்தது. நடந்ததை நடந்தபடி, இம்முறை தொழில்நுட்ப வரலாறு இல்லாமல், சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்துவிடுவார் என்ற எண்ணம் எனக்கு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவர் எழவில்லை.

"எங்க அப்பா அன்னிக்கே சொல்லிட்டாரு சார். சொன்ன மாதிரி நின்னுட்டே, இனிமே அந்தப் பக்கம் போகாதேன்னு. நீங்க இங்க சொன்னா போதாது. எங்க வீட்டுக்கு வந்து, எங்க அப்பா எதிர்ல சொல்லணும். பாயும் வரணும். தனசேகர் அண்ணனும் வரணும்."

வருகிறோம் என்றேன்.

"வந்து பொட்டி, தட்டுன்னு ஆரம்பிக்காதீங்க. எங்க அப்பாவுக்கு அதெல்லாம் புரியாது. உங்க பொண்ணு மேல தப்பில்லைன்னு அவருக்குப் புரியற மாதிரி ஒரே வார்த்தை."

ஞாயிற்றுக்கிழமை காலை காதர் பாயின் காரில் மூவரும் போனோம். செல்வியின் தந்தை நிலக்கடலைக் கொல்லையிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு எங்கள் எதிரே அமர்ந்தார். நான் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். தனசேகரும் தம் பங்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பெரியவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு உள்ளே திரும்பி மகளிடம் சொன்னார்: "மூணு பெரிய மனுஷங்க ஒரு பொட்டியைக் கேட்டுட்டு உன்னை அனுப்பியிருக்காங்க. நாளைக்குப் போ. போய் இவங்களுக்கும் வேலை கத்துக் குடு."

திருத்தம்

திங்கட்கிழமை செல்வி வேலைக்கு வந்தார். நான் நான்கு கணினிகளுக்கும் புதிய சான்றிதழ்கள் தந்தேன். ஒரே எண் ஒரே நேரத்தில் இரண்டு முகவரிகளிலிருந்து வந்தால் செயலி இரண்டையும் நிறுத்திவிடும்படி செய்தேன். விடுதியின் பெயரைத் திரையின் நடுவில் கட்டைவிரல் உயரத்தில் வைத்தேன். அறிக்கையின் அடிவரியை நீக்கிவிட்டு அங்கே என்ன எழுதலாம் என்று செல்வியிடமே கேட்டேன். "ஒண்ணும் எழுதாதீங்க சார்" என்றார். "எழுதினா நம்பிடறாங்க."

இப்போது எந்தக் கணினியென்று எனக்குச் சிறிது ஐயம் வந்தாலும், அதன் முன் அமர்ந்திருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுகிறேன். செல்வி மட்டும் என் அழைப்பை மூன்றாம் முறையில்தான் எடுக்கிறார்.